கருப்பு மூலை

அந்த அம்மாள் எழுந்த வேகத்தில் மேஜையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்தது. சாம்பிள் அட்டைகளின் மேல் டீ ஓடியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கண் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையில்தான் இருந்தது.

"என்னங்க இது? எம் பொண்ணு பேரைப் போட்டு மூலையில கருப்பு வச்சிருக்கீங்க?"

என் கணவர் மாணிக்கத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் எங்கள் பத்திரிகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் அடிப்போம். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திரையிலேயே புரூஃப் பார்க்கச் சொல்வது கடையின் வழக்கம். இனிஷியல் சரியா, பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே வந்திருக்கிறதா என்று அவர்களே பார்த்துவிட்டால், அடித்த பிறகு சண்டை இருக்காது.

இந்த அம்மாள் திருவானைக்காவலிலிருந்து மகள் கல்யாணத்துக்காக வந்திருந்தார். மாணிக்கம் இன்னும் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. திரையில் ஒரு தாளின் படம். வலது மேல் மூலை மடங்கியிருக்கும். மடிப்பு அடர்ந்த நிறத்தில் இருக்கும். அதன் கீழே 'கௌசல்யா கல்யாணம்' என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் பார்த்தது அதைத்தான்.

மாணிக்கம் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அது கம்ப்யூட்டர் காட்டுகிற படம், உங்கள் பத்திரிகை உள்ளே மஞ்சளும் குங்குமமுமாக ஜோராக இருக்கிறது, திறந்து காட்டுகிறேன் என்றார். அந்த அம்மாள் கேட்கத் தயாராக இல்லை. மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக் கொண்டு வந்திருந்த கையெழுத்துத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல கருமாதி ஓலையைப் பாத்துட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

அடுத்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை வரைந்தவள் நான்தான்.

இதெல்லாம் ஒரு வேலையா?

சென்னை விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த கதையைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். வந்த புதிதில் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. எனக்குச் சும்மா இருக்க வராது, வாயும் சும்மா இருக்காது. அப்போதுதான் ஒரு கட்டற்ற அலுவலக மென்பொருள் கண்ணில் பட்டது. கடிதம் எழுத, கணக்குப் போட, படம் வரைய எல்லாவற்றுக்கும் ஆகும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் சம்பளமில்லாமல் அதற்கு வேலை செய்கிறார்கள். நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த வேலை ஐகான். அதாவது நீங்கள் ஒரு ஃபைலை அமுக்குவதற்கு முன்னால் பார்க்கிற சின்னப் படம். கடிதம் என்றால் வெள்ளைத் தாளைச் சுற்றி நீலக் கோடு, கணக்கு என்றால் பச்சைக் கோடு, மேடையில் காட்டும் படங்கள் என்றால் ஆரஞ்சு. கணக்குத் தாளுக்கு நான் முதலில் வரைந்த கட்டங்களைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டு ஜன்னல் கம்பி இது?" என்று மாணிக்கம் கேட்டார். ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் பார்த்தால் ஜன்னல் கம்பி மாதிரிதான் இருந்தது.

பெரிதாக வரைவது சுலபம். சுவரில் மாட்டும் அளவுக்கு யாரும் வரைந்துவிடலாம். அதே படத்தைச் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக்க வேண்டும், அங்கேதான் உயிர் போகும். அந்த அளவில் ஒரு கோட்டுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். அந்தப் புள்ளி அரைப்புள்ளி நகர்ந்தாலும் எல்லாம் புகைமூட்டம் ஆகிவிடும்.

தாளின் மடிப்பை முதலில் இளஞ்சாம்பல் நிறத்தில்தான் வைத்திருந்தேன். வெள்ளைப் பின்னணியில், சின்ன அளவில், அது காணாமலே போனது. மூலை போனால் தாள் என்றே தெரியாது, வெறும் பெட்டி. பார்வை மங்கியவர்கள் சிலரிடம் காட்டிப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னார்கள். அதனால் மடிப்பைக் கருநீலமாக்கினேன். பளிச்சென்று நின்றது. எங்கள் ஐகான் குழுவைப் பார்த்துக்கொள்கிற மார்த்தா, எங்கோ பனி கொட்டும் ஊரில் இருப்பவர், "இதுவரை வந்ததில் இதுதான் தெளிவு" என்று எழுதினார். நான் வானத்தில் பறந்தேன்.

அந்த மூலையோடு வந்த சோதனைப் பதிப்பைத்தான் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வியாழக்கிழமை மாலை ஏழு மணியோடு படங்களுக்குக் கதவடைப்பு. அதற்குள் மாற்றினால் மாற்றியது. இல்லையென்றால் அந்த மூலை அப்படியே வெளியே போகும், அத்தனை ஊர்க் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்துகொள்ளும்.

காவிரிப் பாலத்தில் ஒரு சண்டை

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டது. பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மாணிக்கம் முன்னால் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல், மாற்றிவிடேன் கலா என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது கருப்பே இல்லை, கருநீலம் என்றேன். அந்த அம்மாளுக்குக் கலர் நம்பர் சொல்லவா என்று கேட்டார். இது தாள் இல்லை, திரை என்றேன். அவர் ஹார்னை அழுத்தினார். அவர் பேசாமல் இருந்தால் எனக்கு இன்னும் ஏறும்.

எனக்கு அந்தக் கருப்பு மூலை தெரியாதா என்ன? நாங்கள் லால்குடியில் இருந்த காலத்தில் தபால்காரர் மற்றக் கடிதங்களை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிடுவார். மூலையில் கருப்பு மை தடவிய சாவுக் கார்டு வந்தால் மட்டும் வாசலில் நின்று கூப்பிடுவார். அம்மா இடுப்பில் என் தங்கை மீனாட்சியோடு வெளியே போவார். தெருவிலேயே நின்று படிப்பார், கிழிப்பார், வாசலுக்கு அந்தப் பக்கமே போட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். எனக்குத் தபால் தலை சேர்க்கிற பைத்தியம். ஒரு தடவை அந்தக் கிழிசலை எடுக்கக் குனிந்ததற்கு முதுகில் ஒன்று வைத்தார்.

இப்போது யார் கார்டு போடுகிறார்கள்? எல்லாம் போனில் போட்டோவாக வருகிறது. அந்த வழக்கமே ஒழிந்துபோனது, அதற்காக நான் என் படத்தைக் கெடுக்க வேண்டுமா? பாலம் முடிகிற வரை இதைத்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், மார்த்தாவே எனக்கு ஒரு வழி விட்டார். கடையில் நடந்ததை ஏதோ தமாஷ் போல அவருக்கு எழுதியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் ஊரில் அப்படித் தோன்றும் என்றால் மாற்றலாமே, கதவடைக்க இன்னும் நாள் இருக்கிறதே என்று கேட்டார்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? வேண்டாம், அது வெறும் மூடநம்பிக்கை, படித்தவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று எழுதினேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு முக்கோணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்கு வெட்கம். விளையாட்டில்லை, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் கடையில் இன்னும் சிலர் முகம் சுளித்தார்கள். மாணிக்கம் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். என்ன மறைக்கிறீர்கள் என்று அதற்கும் ஒருவர் கேட்டார். பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக்கொள்ளுங்களேன் என்று வீம்பாகச் சொன்னேன். "நம்ம கடையில போட்டுக்கலாம். வெளியூர்ல இருக்கற கடைக்காரன் என்ன பண்ணுவான்?" என்றார். நியாயம்தான், அதனாலேயே இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

வியாழக்கிழமை

மீனாட்சிக்கு அது ஒன்பதாம் மாதம். அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று புதன்கிழமை புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை, சனிக்கிழமை வரை பார்க்கலாம் என்றார்கள். வியாழன் காலையில் இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முகம் வீங்கியிருந்தது. "சட்னியில உப்பே இல்லக்கா" என்று குறை சொன்னாள். அவள் குறை சொன்னால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

நாலரை மணி வாக்கில் மாணிக்கம் பேப்பர் வாங்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். அப்போது மீனாவின் கணவர் சேகர் போன் செய்தார். குரல் அவர் குரலாகவே இல்லை.

"அக்கா, பிரஷர் எகிறிடுச்சு. உடனே ஆபரேஷன்ங்கறாங்க. தஞ்சாவூர்ல வச்சு ஒரு ஊசி ஒத்துக்காம மூச்சுத் திணறுச்சே, அது என்ன ஊசின்னு டாக்டர் கேக்கறாரு. எனக்குப் பேரு வரமாட்டேங்குதுக்கா."

இரண்டு வருஷத்துக்கு முன் மீனாவுக்குக் கரு தங்காமல் போனது. தஞ்சாவூரில் சிகிச்சை நடந்தபோது ஓர் ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சேகர் ஒழுங்கானவர். எந்த மருந்து கொடுத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தனையும் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்திருந்தார். அந்த ஃபைல் அவர் மெயிலில் இருந்தது. ஆனால் அவர் போனில் திறக்கவில்லை. ஏன் திறக்கும்? அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் எங்கள் மென்பொருளைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அதில் சேமித்த ஃபைல் அவருடைய பழைய போனுக்குப் புரியவில்லை. தஞ்சாவூர் டாக்டரோ போனை எடுக்கவில்லை.

எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன் என்றேன். மெயில் வந்தது. இறக்கினேன்.

திரையில் விழுந்தது.

வெள்ளைத் தாள். வலது மேல் மூலையில் கருப்பு. கீழே 'மீனாட்சி'.

என்னை நம்புங்கள், அந்தப் படத்தை நான் எத்தனையோ மாதங்களாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு புள்ளியாக நானே வைத்தது. அது கருநீலம் என்று ஊருக்கே வாதாடியவள். அந்த நிமிஷம் அது கருநீலமாக இல்லை. மவுஸின் மேல் இருந்த கை பின்னால் வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, தானாக வந்தது.

"அக்கா? வந்துச்சா அக்கா?" காதில் சேகர்.

வந்தது என்றேன். திறக்க முடியவில்லை. கிளிக் செய்தால் எதையோ ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. படித்தவள்தான். விவரம் தெரிந்தவள்தான். உடம்புக்கு அதெல்லாம் தெரியவில்லை. தங்கச்சி பெயருக்கு மேல் கருப்பு வைத்திருக்கிறது, தொடாதே என்று அது சொன்னது.

குறுக்குவழி ஒன்று தேடினேன். படத்தைத் தொடாமல், முதலில் மென்பொருளைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஃபைலைத் தேடினேன். அங்கே வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதே தாள், பொடியாக. சின்ன அளவில் காணாமல் போகக் கூடாது என்று மூலையை நான் ஆகக் கருமையாக்கியிருந்ததே அந்த அளவில்தான். எங்கே போனாலும் விடமாட்டேன் என்று நின்றது. வாய்விட்டு அழுதேன். அழுதபடியே உள்ளங்கையால் திரையின் அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டு, பெயரை மட்டும் பார்த்து அமுக்கினேன்.

திறந்தது. மருந்துப் பெயர்கள் ஓடின. கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. சேகர் போனை டாக்டரிடம் கொடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். சரி என்றேன். "நல்ல வேளை சொன்னீங்க" என்றார் அவர். போன் வைக்கப்பட்டுவிட்டது.

வராந்தா

ஷட்டரை இறக்கிப் பூட்டியதும், லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தில்லைநகர்ப் பக்கம் வண்டி நின்றபோது டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்காம்மா என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் ஓட்டியது வேறு மாதிரி இருந்தது.

நான் போவதற்குள் மீனாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் சேகர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் மாணிக்கமும் வந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்தோம். திறந்து வந்தது ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். மாணிக்கம் ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே தங்கச்சி கிடக்கிறாள், இவள் படம் வரைகிறாளே என்று நினைத்திருப்பார். திரையைப் பார்த்ததும் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மடிப்பிலிருந்த நிறத்தை முழுக்க எடுத்தேன். வெள்ளையாக்கினேன். தாள் என்று தெரிய வேண்டுமே? தாளைச் சுற்றி ஓடுகிற நீலக் கோட்டையே மடிப்பின் மேலும் ஓடவிட்டேன், ஒரு புள்ளி கனத்தில். சின்ன அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். கோடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து கலங்கியது. நகர்த்தினேன். தப்பான பக்கம் போனது. மறுபடி நகர்த்தினேன். நின்றது. மூலை தெரிந்தது, தாளும் தெரிந்தது. இதை ஒரு வாரத்துக்கு முன்பே செய்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

எல்லா அளவுகளையும் முடித்து அனுப்பியபோது ஆறரை ஆகியிருந்தது. மார்த்தாவிடமிருந்து உடனே கேள்வி வந்தது. மாற்ற வேண்டாம் என்று அத்தனை உறுதியாகச் சொன்னீர்களே, கடைசி அரைமணியில் என்ன ஆயிற்று?

என்ன எழுதுவது? பழைய நானாக இருந்தால் பளிச்சென்று தெரிவது, கண் கூசுவது என்று ஏதாவது தொழில் காரணம் சொல்லியிருப்பேன். நம்பவும் செய்வார். கண்ணீர் வழிய எழுதினேன்:

"இன்று அந்தப் படத்துக்குக் கீழே என் தங்கையின் பெயர் இருந்தது. அவள் இப்போது ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள். வரைந்தவளாலேயே அதைத் தொட முடியவில்லை. எங்கள் ஊரில் அது சாவுச் செய்தி. நான் உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டேன்."

அனுப்பிவிட்டேன். மூடநம்பிக்கை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஆகிவிட்டது. பதில் வந்தது. படத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தங்கை எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டிருந்தார். பதில் எழுதத் தொடங்கி நிறுத்தினேன். பெட்டியில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை நீட்டினார்.

"மீனாட்சி கூட வந்தவங்க யாரு?"

சேகர் ஓடினார். நான் மாணிக்கத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். நர்ஸ் என்னவோ சொன்னார். சேகர் தலையாட்டினார், திரும்பவும் ஆட்டினார், அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க, அக்கா எங்கன்னு கேக்கறாங்க."

மாணிக்கம் என் கையிலிருந்து சட்டையை விடுவித்து, லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு, போ, நீ உள்ளே போ என்றார். எழுந்தவள் மறுபடி குனிந்தேன். மார்த்தாவுக்கு ஒரே வரி எழுதினேன்.

"இருவரும் நலம். படத்தைச் சேர்த்துவிடுங்கள்."